உடையாத டியூப்லைட்டை யார் வாங்குவார்கள்?

பழைய பேப்பர் கடைக்காரரிடம் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. ஓட்டை விழுந்த அலுமினியக் குண்டான், துருப்பிடித்த சைக்கிள் செயின், பால் கவர், ஓடாத மிக்ஸி என்று எதைக் கொண்டுபோனாலும் தராசில் வைத்துப் பார்ப்பார். எரியாத டியூப்லைட்டை நீட்டினால் மட்டும் கையை விரித்துவிடுவார். "அது வேணாங்க, குப்பையில போட்டுருங்க."

அவர் கணக்கில் தப்பில்லை. நாலடி டியூப்லைட்டின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் கண்ணாடி. இரண்டு முனைகளிலும் சில கிராம் அலுமினிய மூடி, உள்ளே மெல்லிய டங்ஸ்டன் சுருள், கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி, கண்ணுக்குத் தெரியாத அளவில் பாதரசம். இவற்றில் சந்தையில் விலைபோவது அலுமினியம் ஒன்றுதான். அதை எடுக்க வேண்டுமென்றால் குழாயை உடைத்தாக வேண்டும். கடைக்காரர் உடைக்க மறுக்கிறார், அவ்வளவே. குப்பைக் கிடங்கில் அதைப் பொறுக்கும் வேறொருவர் உடைப்பார். இந்தப் பொருளின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது: காசு கிடைப்பது உடைத்தால், ஆபத்து இல்லாமல் இருப்பது உடைக்காவிட்டால்.

உடைந்தால் அப்படி என்ன ஆகிவிடும்? அதைச் சொல்வதற்கு முன், பாதரசம் அங்கே எதற்கு என்று பார்த்துவிடலாம். டியூப்லைட்டில் வெளிச்சம் தருவது கம்பி இல்லை. குழாய்க்குள் காற்றை உறிஞ்சிவிட்டு, கொஞ்சம் ஆர்கான் வாயுவையும் துளி பாதரசத்தையும் அடைத்திருப்பார்கள். சுவிட்சைப் போட்டதும் இரு முனைகளிலும் உள்ள சுருள்கள் சூடாகி எலக்ட்ரான்களை உமிழ்கின்றன. அவை குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும்போது, ஆவியாக மிதக்கும் பாதரச அணுக்களில் மோதுகின்றன. அடிபட்ட அணு, வாங்கிய ஆற்றலை 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிராக வெளியே விடுகிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் பொடி அதை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றித் தருகிறது. சி.எஃப்.எல். பல்பும் இதே டியூப்லைட்டுதான். மடித்தும் சுருட்டியும் கையடக்கமாக்கி, சோக்கின் வேலையைச் செய்யும் சிறு சர்க்யூட்டை அடியில் பொருத்தியிருப்பார்கள்.

ஒரு விஷயம் வியப்பாக இருக்கும். விளக்கு எரியும் எந்த நொடியிலும் ஆவியாக இருந்து வேலை செய்யும் பாதரசம், ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அப்படியானால் எதற்கு அதைப்போலப் பல மடங்கு அடைக்கிறார்கள்? ஆயிரக்கணக்கான மணி நேரம் எரிய எரிய, பாதரச அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடியிலும் பொடியிலும் போய் ஒட்டிக்கொள்கின்றன, ஆக்சைடாகவும் மாறுகின்றன. அந்த இழப்பையும் கணக்கில் வைத்தே முதலில் நிரப்புகிறார்கள். ஆகவே செத்துப்போன டியூப்லைட்டில் பாதரசம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. அது உள்ளேயேதான் இருக்கிறது; பெரும்பகுதி பொடிக்கு இடம் மாறியிருக்கிறது. முனை கறுத்த டியூப்லைட்டின் கறுப்புக்குப் பெரும்பாலும் காரணம், சுருளின் மேல் பூசிய பேரியம் கலவை சிதறிப் படிந்திருப்பது. விளக்கு சாவது வழக்கமாக அந்தப் பூச்சு தீர்ந்துபோவதால்தான்.

அளவைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயம் மட்டுமே மிஞ்சும். நவீன சி.எஃப்.எல். ஒன்றில் இருப்பது சுமார் 3 முதல் 5 மில்லிகிராம் பாதரசம். பால்பாயிண்ட் பேனா முனையில் அடங்கிவிடும். பழைய தடித்த டியூப்லைட்டுகளில் 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தன. நம் வீடுகளில் இருந்த கண்ணாடிக் காய்ச்சல்மானியில் இருந்ததோ 500 மில்லிகிராமுக்குக் குறையாது. அது உடைந்து, தரையில் உருண்ட வெள்ளி மணிகளை விரலால் உருட்டி விளையாடிய தலைமுறை இன்றும் இருக்கிறது. ஆக, வீட்டில் ஒரு பல்பு உடைந்தால் அதற்காக ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியதில்லை. ஆனால் ஒரு லட்சம் டியூப்லைட், ஒவ்வொன்றிலும் 10 மில்லிகிராம் என்றால் ஒரு கிலோ பாதரசம். ஒரு பெரிய நகரத்தின் குப்பையில் அந்த எண்ணிக்கை சேர வெகுகாலம் ஆகாது.

பாதரசத்தை விழுங்குவதைவிட முகர்வது மோசம். திரவப் பாதரசம் வயிற்றுக்குள் போனால் குடல் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, மலத்தோடு வெளியே போய்விடும். ஆவியாக மூச்சில் போனால் சுமார் 80 சதவீதம் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடுகிறது; அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. நிறமில்லை, மணமில்லை, ஆகவே மூக்கு எச்சரிக்கப் போவதில்லை. மண்ணிலோ நீரிலோ சேர்ந்தால் கதை இன்னொரு திசையில் போகிறது. குளம், ஆறு, கழிமுகம் இவற்றின் அடிச்சேற்றில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. இதைக் குடல் தாராளமாக உறிஞ்சும். நுண்ணுயிரியிலிருந்து சிறு மீன், சிறு மீனிலிருந்து பெரிய மீன் என்று ஏறும்போது அதன் அடர்த்தியும் ஏறுகிறது. ஜப்பானின் மினமாட்டா வளைகுடாவில் சிஸ்ஸோ ஆலை கொட்டிய கழிவால் மீன் தின்ற மக்கள் கைகால் நடுங்கி, பார்வை குறைந்து, பேச்சுக் குழறிப்போன நோய் 1956-இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அந்த ஊரின் பெயரிலேயே 2013-இல் பாதரசத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தம் உருவாயிற்று. இந்தியா 2018-இல் அதை ஏற்றது.

சரி, வீட்டில் ஒன்று உடைந்துவிட்டது. முதலில் குழந்தைகளையும் நாய் பூனையையும் வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்து, ஏ.சி.யையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் வெளியே இருப்பதே சரி. இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 28 கன மீட்டர் காற்று. 4 மில்லிகிராம் பாதரசம் மொத்தமும் ஒரே நேரத்தில் ஆவியானால் ஒரு கன மீட்டருக்கு 140 மைக்ரோகிராம் ஆகும். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரியாகப் பரிந்துரைக்கும் வரம்பு 1 மைக்ரோகிராம். ஆனால் மொத்தமும் ஒரே நேரத்தில் ஆவியாவதில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, உடைந்த விளக்கிலிருந்து இரண்டு வாரத்தில் 17 முதல் 40 சதவீதப் பாதரசம் வெளியேறுகிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் எட்டு மணி நேரத்தில் என்று கண்டது. ஜன்னலைத் திறந்துவிட்டால் அந்த முதல் பங்கு வெளியே போய்விடும். மிச்சம் பொடியிலும் சில்லிலும் இருக்கிறது, அதைத்தான் கவனமாக எடுக்க வேண்டும்.

எடுப்பதில் நம் கை இயல்பாகப் போகும் இடம் துடைப்பம். அது வேண்டாம். துடைப்பம் பொடியை மூக்கு உயரத்துக்குக் கிளப்பிவிடும். பிறகு அதன் ஈர்க்குகளில் ஒட்டியதை எல்லா அறைக்கும் கொண்டுபோகும். வாக்யூம் க்ளீனர் இன்னும் மோசம், காற்றை இழுத்து மறுபக்கம் ஊதுவதே அதன் வேலை. ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, கெட்டி அட்டை இரண்டால் சில்லுகளை வாரி, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போடலாம். மிஞ்சிய பொடியைச் செல்லோடேப்பின் பசைப்பக்கத்தால் ஒற்றி எடுத்து, கடைசியாக ஈரக் காகிதத்தால் துடைத்து, அந்தக் காகிதத்தையும் அதே பாட்டிலில் திணித்துவிட வேண்டும். உடையிலோ படுக்கை விரிப்பிலோ நேராகச் சில் விழுந்திருந்தால் துணியைத் துவைக்கப் போடக் கூடாது. வாஷிங் மெஷினும் சாக்கடையும் சேர்ந்து கெடும். பாட்டிலை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, அறையை இன்னும் சில மணி நேரம் காற்றாட விடலாம்.

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. திருவிழா சாகசக் காட்சிகளில் இளைஞர்கள் மார்பிலும் தலையிலும் டியூப்லைட்டை அடித்து உடைப்பதை ஊர் கூடிக் கைதட்டிப் பார்க்கிறது. சினிமாச் சண்டைக் காட்சிகளும் இதற்கு ஒரு கவர்ச்சியைத் தந்திருக்கின்றன. பார்ப்பவர்கள் பயப்படுவது கண்ணாடி கிழிக்குமே என்று. புகைபோலக் கிளம்பும் வெள்ளைப் பொடியை அந்தப் பையன் மூச்சிரைக்க உள்ளே இழுப்பதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அடுத்த ஊரில் அடுத்த வாரமும் அவன் உடைப்பான்.

ஒரு முறை உடைந்த பல்புக்கும், தினமும் உடைக்கும் வேலைக்கும் உள்ள தூரம் தமிழ்நாட்டுக்குத் தெரியாததல்ல. கொடைக்கானலில் 1980களில் ஒரு காய்ச்சல்மானித் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து இயந்திரங்களோடு இடம்பெயர்ந்து வந்த ஆலை அது. பின்னால் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கிடங்கில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பது வெளியே வந்தது. ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு, பாதரசத்தை மீட்டெடுக்கும் ஆலைக்குத் திரும்பிப் போனது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல். அந்தக் கண்ணாடி பழைய பொருள் கிடங்குக்கு எப்படிப் போயிற்று என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. கண்ணாடிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை இருந்தது. அதில் ஒட்டியிருந்ததற்கு விலை இல்லை, ஆகவே அது கணக்கிலும் இல்லை.

முறையாகப் பிரிக்கும் ஆலையில் என்னதான் செய்கிறார்கள்? அங்கேயும் உடைக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் காற்று உள்நோக்கி இழுக்கப்படும் மூடிய இயந்திரத்துக்குள். ஒரு முறையில் குழாயின் இரண்டு முனைகளையும் வெட்டி அலுமினிய மூடியைத் தனியாகவும், உள்ளே காற்றை ஊதிப் பொடியைத் தனியாகவும் பிரிக்கிறார்கள். கண்ணாடி சுத்தமாக மிஞ்சும். மற்றொரு முறையில் எல்லாவற்றையும் நொறுக்கிச் சல்லடையில் பிரிக்கிறார்கள். வளைந்த சி.எஃப்.எல்.லுக்கு இதுதான் வழி. இயந்திரத்திலிருந்து வெளியேறும் காற்று, கந்தகம் ஏற்றிய கரித்தூள் வழியாகப் போகிறது. பாதரசம் கந்தகத்தோடு சேர்ந்து சல்பைடாக அங்கேயே நின்றுவிடும். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதால், பொடியை அதற்கு மேல் சூடாக்கி ஆவியை வடித்துக் குளிரவைத்தால் திரவப் பாதரசம் தனியே சொட்டும்.

மிஞ்சும் பொடியின் கதை சுவையானது. 1940களில் டியூப்லைட் பொடியில் பெரிலியம் கலந்திருந்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் (நம் சேலம் அல்ல) விளக்கு ஆலைத் தொழிலாளர்கள் விசித்திரமான நுரையீரல் நோயால் செத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் ஹாரியட் ஹார்டி காரணம் பெரிலியம் என்று காட்டிய பின், 1949-இல் அமெரிக்க விளக்கு நிறுவனங்கள் அதைக் கைவிட்டன. பிறகு நெடுங்காலம் கால்சியம் ஹாலோபாஸ்பேட். மெல்லிய டியூப்லைட்டும் சி.எஃப்.எல்.லும் வந்தபோது சிவப்புக்கு யூரோப்பியம் சேர்ந்த இட்ரியம் ஆக்சைடு, பச்சைக்கு டெர்பியம் என்று அரிய மண் தனிமங்கள் உள்ளே வந்தன. 2010-ஐ ஒட்டி சீனா ஏற்றுமதியை இறுக்கியதும் இவற்றின் விலை எகிறியது. பிரான்சில் சால்வே நிறுவனம் பழைய விளக்குப் பொடியிலிருந்து இவற்றைப் பிரித்தெடுக்கும் ஆலையைத் தொடங்கிற்று. விலை மறுபடி சரிந்தது. 2016-இல் அந்த ஆலை மூடப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். தொழில்நுட்பம் தோற்கவில்லை, சந்தை கைவிட்டது. பல்பு மறுசுழற்சி தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை, அதற்கு இதுவே காரணம்.

மீட்டெடுத்த பாதரசத்துக்கும் அதே கதிதான். முன்பு புது விளக்குக்கே அது திரும்பிப் போயிற்று. இப்போது கேட்பாரில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலும் அமெரிக்கா 2013-இலும் பாதரச ஏற்றுமதியைத் தடை செய்தன. ஐரோப்பிய விதிப்படி வேண்டாத பாதரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்துச் சல்பைடாக்கி, ஆழமான உப்புச் சுரங்கங்கள் போன்ற இடங்களில் நிரந்தரமாகப் புதைக்க வேண்டும். பூமிக்குள்ளிருந்து சாதிலிங்கமாக வெட்டியெடுத்ததும் அதே பாதரச சல்பைடுதான்.

நம் சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், சி.எஃப்.எல். பல்பையும் டியூப்லைட்டையும் வீட்டு அபாயக் கழிவு என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டன. காலாவதியான மருந்து, பழைய பேட்டரி, உடைந்த காய்ச்சல்மானியோடு ஒரே பட்டியல். இருபது சதுர கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் அவற்றை ஒப்படைக்கும் மையத்தை உள்ளாட்சிகள் அமைக்க வேண்டும் என்றும் சொல்லின. அதே ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் பாதரச விளக்குகளைத் தயாரிப்பாளரின் பொறுப்புக்குள் கொண்டுவந்தன. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் தயாரிப்பாளர், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழ் கணக்கிடப்படுவது தங்கம், தாமிரம், இரும்பு, அலுமினியம் என்ற உலோகங்களின் எடையை வைத்து. பேப்பர் கடைக்காரரின் தராசையே அரசாங்கமும் வைத்திருக்கிறது. ஒரு மில்லிகிராம் பாதரசம்கூடக் காற்றில் கலக்காமல் ஒரு டியூப்லைட்டைப் பிரித்தவருக்கு, அதற்காகவென்று அந்தக் கணக்கில் வரவு எதுவும் இல்லை.

இதற்கிடையில் வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புது டியூப்லைட் வந்த அட்டை உறையிலேயே பழையதை நுழைத்து, உடையாத மூலையில் நிறுத்தி வைக்கலாம். குப்பை வண்டியில் போட்டால் அழுத்தும் லாரியின் வயிற்றிலேயே அது நொறுங்கும். எரியும் கிடங்குக்குப் போனால் பாதரசம் மொத்தமும் காற்றில். வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கையில் கொடுத்து, என்ன என்று வாயால் சொல்வது குறைந்தபட்ச மரியாதை. அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளி, கல்யாண மண்டபம் என்றால் ஒரு பெட்டியில் நூறு இருநூறு சேரும்வரை வைத்திருந்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் உள்ள மறுசுழற்சியாளரை அழைக்கலாம். ஒற்றை டியூப்லைட்டுக்காக யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள்.

குண்டு பல்புக்கு இவ்வளவு கவலை வேண்டாம், அதில் பாதரசம் இல்லை. காகிதத்தில் சுற்றி, கை கிழிக்காதபடி உலர் குப்பையில் போடலாம். பாட்டில்களோடு சேர்க்கக் கூடாது. உள்ளே இருக்கும் கம்பிகளும், தண்டுப் பகுதியில் முன்பு பயன்படுத்திய ஈயக் கண்ணாடியும் பாட்டில் உலைக்கு ஆகாதவை. ஹாலஜனும் அப்படியே, அதன் குவார்ட்ஸ் குமிழி, பாட்டில் உருகும் சூட்டில் உருகவே உருகாது. தெருவிலிருந்து கழற்றும் பழைய மெர்க்குரி லைட்டும் சோடியம் லைட்டும் வேறு ரகம், இரண்டிலும் பாதரசம் உண்டு. அவை டியூப்லைட்டோடு சேர வேண்டியவை.

எல்.இ.டி. பல்பு இன்னொரு குணம். 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கு மேல் பல்புகள் நாடெங்கும் போயின. அவற்றின் காலம் இப்போது ஒவ்வொன்றாக முடிகிறது. பாதரசம் இல்லை, சாலிடராகக் கொஞ்சம் உலோகம், அடியில் அலுமினியத் தட்டு, ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. அதாவது மின்னணுக் கழிவு. ஆனால் பெரும்பாலும் எல்லா எல்.இ.டி.யும் சேர்ந்து சாவதில்லை. டிரைவர் எனும் அந்தச் சர்க்யூட்டில் உள்ள கெப்பாசிட்டர் சூட்டில் காய்ந்துபோகும், அல்லது வரிசையாகக் கோத்த எல்.இ.டி. சில்லுகளில் ஒன்று மட்டும் கருகி மொத்தத்தையும் அணைத்துவிடும். கருகிய சில்லைச் சாலிடரால் இணைத்து எரியவைக்கும் ரிப்பேர்காரர்கள் ஊருக்கு ஊர் உண்டு. மிச்சச் சில்லுகள் கூடுதல் சுமை தாங்க வேண்டியிருப்பதால் அது நெடுநாள் வராது. டிரைவரை மாற்றித் தருபவர் கிடைத்தால் நல்லது. மூடியைக் கழற்றவே முடியாதபடி பசை போட்டு ஒட்டி விற்பதைத்தான் தடுக்க வேண்டும் என்பேன்.

2023-இன் இறுதியில் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா ஒப்பந்த நாடுகள், பொது வெளிச்சத்துக்கான டியூப்லைட்டுகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்த முடிவு செய்தன. அதனால் பழையவை மறைந்துவிடப் போவதில்லை; மொத்தமாகக் கழற்றப்படப் போகின்றன. அலுவலகம், பள்ளி, மில், மருத்துவமனை எல்லாம் எல்.இ.டி.க்கு மாறும் இந்தச் சில ஆண்டுகளில் வருவதுதான் டியூப்லைட் கழிவின் பெரிய அலை. அதன் பிறகு வற்றிவிடும் கழிவுக்காக எந்த முதலாளி கோடிகளைப் போட்டு ஆலை கட்டுவார்? சந்தையை நம்பி இது நடக்காது. புது எல்.இ.டி. வாங்கும் டெண்டரிலேயே "கழற்றும் பழைய டியூப்லைட்டுகளை உடையாமல் எடுத்துச் சென்று, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்த்த ரசீது காட்டினால்தான் கடைசித் தவணைப் பணம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எண்ணிக்கை தெரியும், ஒப்பந்தக்காரர் இருக்கிறார், வண்டியும் அங்கேயே நிற்கிறது. அந்த ஒரு வரியால், உடையாத டியூப்லைட்டுக்கும் ஒரு விலை வந்துவிடும்.